எவ்வளவு தவிடு கொடுத்தீங்க?

(சென்னையில் ஒரு நூலக வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

நம் வீடுகளில் சேட்டை செய்யும் பிள்ளையிடம், "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்று சொல்வோம். பிள்ளை அழும், நாம் சிரிப்போம், அப்புறம் தூக்கிக் கொஞ்சுவோம். என் மகளுக்கு ஆறு வயதிருக்கும்போது, பெரம்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் இதை விளையாட்டாகச் சொன்னார். அவள் அழவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். தான் தத்து வந்த பிள்ளை என்று அவளுக்கு அப்போதே தெரியும். அன்று இரவு படுக்கையில், "எவ்வளவு தவிடு கொடுத்தீங்க?" என்று கேட்டாள்.

அவளது 19 வயதில் ஒரு டாக்டரிடம் போனோம். "குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை உண்டா?" என்று கேட்டார். "எங்கம்மாவுக்கு இருந்தது" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். "அது எனக்கு வராதேம்மா" என்றாள் மெதுவாக. எனக்குச் சுருக்கென்றது. வீடு வரும்வரை நான் பேசவில்லை. அது என் தவறு. அவள் தன் உடம்பைப் பற்றிப் பேசினாள். நான் அதை என் தாய்மையின் மேல் வந்த குறையாக எடுத்துக்கொண்டேன்.

பெற்றவளைத் தேட வேண்டும் என்ற பேச்சு வந்ததும், "இத்தனை வருஷம் வளர்த்ததுக்கு இதுதானா?" என்று உறவில் சிலர் கேட்டார்கள். அவர்களுக்கு நம் பழைய அகப்பாட்டுகளை நினைவூட்ட ஆசை. பெற்றவளை நற்றாய் என்றும், வளர்த்தவளைச் செவிலித்தாய் என்றும் அவை சொல்கின்றன. இரண்டிலும் தாய் என்ற சொல் இருக்கிறது. காதலனோடு போய்விட்ட மகளைச் சுரத்தில், அதாவது வறண்ட பாலை வழியில், தேடி நடப்பவள் செவிலி. எதிரே வருபவர்களை நிறுத்தி, பார்த்தீர்களா என்று கேட்கிறாள். சரி, நாமும் தேடிப் போகலாம் என்று மகளோடு கிளம்பினேன்.

பிறந்த வழியைத் தேடும் உரிமைக்கு இப்போது சட்டத்தில் இடம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி 18 வயது முடிந்தவர் தானே விண்ணப்பிக்கலாம். சிறுவர் என்றால் வளர்த்த பெற்றோரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் ஆள் தேட முடியாது. தன்னை யாரென்று சொல்ல வேண்டாம் என்று பெற்றவர் பிள்ளையை ஒப்படைத்தபோதே கேட்டிருந்தால், எழுத்தில் அவர் சம்மதம் வேண்டும். அவர் மறுத்தாலும், அகப்படாமல் போனாலும், எந்தச் சூழலில் ஒப்படைத்தார் என்பதையாவது பிள்ளைக்குச் சொல்லியாக வேண்டும்.

டிஎன்ஏ பார்த்தால் தெரிந்துவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். பிள்ளையின் டிஎன்ஏவில் பாதி தாயுடையது, பாதி தகப்பனுடையது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க எதிரே ஓர் ஆள் வேண்டுமே! 1992ல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தில் பெயர் சொல்லாமல் தொட்டிலில் விடப்பட்ட பிள்ளைகள் உண்டு. அவர்களில் பலருக்குத் தேதியும் இடமும் தாண்டி எதுவும் கிடைப்பதில்லை. அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

தத்துக் கொடுத்த இடத்தில் எங்களுக்கு ஒரு கோப்பு இருந்தது. பழைய கோப்பெல்லாம் இல்லை என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தடவை எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டே தாள். எடை 1.9 கிலோ. பெயரும் ஊரும் மறைக்கப்பட்டிருந்தன. "வளர்க்க வழியில்லை" என்று ஒரு வரி, கீழே இடது கைப் பெருவிரல் ரேகை. ஒப்படைத்த தாய் மனம் மாறினால் பிள்ளையைத் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு. இரண்டாம் தாளின் ஓரத்தில் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: "41ஆம் நாள், தாய் வந்து பார்த்துச் சென்றார்."

என் மகள் அந்த வரியை விட்டு நகரவே இல்லை. "அன்னிக்கு என்னைத் தூக்கியிருப்பாங்களாம்மா?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் "தூக்கிப் போட்டுட்டுப் போனவ" என்ற பேச்சை அன்றோடு எங்கள் வீட்டில் யார் வாயிலும் வர விடவில்லை. நீங்களும் விட்டுவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பஸ் ஏறி, 41ஆம் நாள் வந்து பார்த்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பிப் போன ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சு அது.

சம்மதம் கேட்டுக் கடிதம் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. என் மகள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். இதையெல்லாம் சொல்ல அவள் அனுமதி வாங்கித்தான் வந்தேன். அவளைப் பற்றிய கேள்விகளை என்னிடம் கேட்காதீர்கள், அவளிடமே கேளுங்கள். பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.