தெற்கு வாசல் ஆகாதா? சீனாவுல அதுதான் முதல் சாய்ஸ்! | ஃபெங் சூயி அடிப்படை

[திரையில்: பெய்ஜிங் அரண்மனையின் தெற்கு வாசல்]

தெற்குப் பார்த்த வீடுன்னதும் நம்ம ஊர்ல பாதிப் பேர் பின்வாங்கிடுவாங்க, எமன் திசைன்னு. ஆனா சீனப் பேரரசரோட அரண்மனையே தெற்குப் பார்த்துதான் நிக்குது. சிம்மாசனத்துல உட்கார்ந்தா முகம் தெற்கே. ஏன்? இதுக்குப் பதில் பிடிபட்டா, இடமும் வீடும் எப்படி அமையணும்னு பார்க்கற சீன முறையான ஃபெங் சூயி பாதி பிடிபட்ட மாதிரிதான். கடைசி வரைக்கும் பாருங்க, உங்க வாசலை டிகிரிக் கணக்குல அளக்கறது எப்படின்னும் காட்டறேன்.

ஃபெங்னா காத்து. சூயின்னா தண்ணி. குவோ பூ (276–324) எழுதினதாச் சொல்ற பழைய நூல் ஒண்ணு இருக்கு. இறந்தவங்களை அடக்கம் பண்ண இடம் பார்க்கற நூல். அதுல ஒரு வரி: "சீ"ங்கற உயிரோட்டம் காத்துல ஏறினா சிதறிடும், தண்ணியைக் கண்டா நின்னுடும். அங்கிருந்துதான் இந்தப் பேரே. சிரிக்கும் புத்தர், மூணு கால் தவளை எல்லாம் பின்னாடி கடைக்கு வந்த சரக்கு. பொம்மைக்குக் காசு செலவழிக்கறதுக்கு முன்னாடி இடத்தைப் பாருங்க, நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதைத்தான்.

[திரையில்: கை வச்ச நாற்காலி, மேல நாலு விலங்குகள்]

நல்ல இடம் இந்த நாற்காலி மாதிரி இருக்கணும். முதுகுப் பக்கம் கருப்பு ஆமை, அதாவது உசரமான மலை. இடது கை பச்சை டிராகன், வலது கை வெள்ளைப் புலி. டிராகன் பக்கம் புலியை விடக் கொஞ்சம் உசரம். முன்னாடி சிவப்புப் பறவை, திறந்த வெளி. இடம் வலம் எல்லாம் வீட்டுக்குள்ள நின்னு வெளிய பார்க்கும்போது. தெருவுல நின்னு வீட்டைப் பார்த்துச் சொன்னா டிராகனும் புலியும் மாறிடும். நிறைய பேர் கோட்டை விடறது இங்கதான்.

இப்போ தெற்குக்கு வருவோம். வட சீனாவுல குளிர்காலக் காத்து சைபீரியாவுலேருந்து வரும், எலும்பைத் துளைக்கும். டிசம்பர் கடைசியில பெய்ஜிங்ல உச்சி வேளையில கூட சூரியன் தெற்கு வானத்துல 27 டிகிரி உசரத்துலதான் நிக்கும். 2 மீட்டர் உசர ஜன்னல் தெற்குல இருந்தா, வெயில் கிட்டத்தட்ட 4 மீட்டர் வரைக்கும் அறைக்குள்ள வரும். வடக்குச் சுவரை மூடி, தெற்கைத் திறந்தா வீடு தானா சூடாகும். நமக்கும் வடக்குக் காத்து வாடை, தெற்குக் காத்து தென்றல். வாடைக்கு முதுகு காட்டு, தென்றலுக்கு முகம் காட்டு. எவ்வளவு அழகாப் பொருந்துது பாருங்க!

1406லேருந்து 1420க்குள்ள அந்த அரண்மனையைக் கட்டும்போது பின்னாடி மலை இல்லை. விட்டாங்களா? அகழி வெட்டின மண்ணை வடக்கே கொட்டி, சுமார் 45 மீட்டர் உசர மலையே எழுப்பினாங்க. ஜிங்ஷான், இன்னிக்கும் நீங்க ஏறிப் பார்க்கலாம். முன்னாடி தண்ணி வேணும்னு வாசலுக்குள்ள வில்லு மாதிரி வளைச்சு ஒரு கால்வாய், அதுமேல அஞ்சு பளிங்குப் பாலம். ஆமையையும் தண்ணியையும் ஆளுங்களே உண்டாக்கினாங்க!

திசைகாட்டிக்குச் சீன மொழியில பேரே "தெற்கு காட்டும் ஊசி". ஃபெங் சூயிக்காரங்க கையில இருக்கறது லுவோபான்: சதுரப் பலகை, அதுல சுழலற வட்டத் தட்டு, நடுவுல ஊசி, மேல குறுக்கும் நெடுக்குமா ரெண்டு சிவப்பு நூல். தட்டுல 360 டிகிரியை 24 "மலை"யாப் பிரிச்சிருப்பாங்க, ஒண்ணு 15 டிகிரி. தெற்குக்குள்ளயே மூணு மலை: 157.5 முதல் 172.5 வரை பிங், 187.5 வரை வூ, 202.5 வரை டிங். நேர்த் தெற்கு வூ. அந்த அரண்மனையோட தெற்கு வாசல் பேரு வூமென்: வாசல் பேருலயே திசை இருக்கு!

[திரையில்: போன் திசைகாட்டி]

லுவோபான் இல்லைன்னா போன் போதும். வாசலுக்கு முதுகு காட்டி, வெளிய பார்த்து நில்லுங்க. போனைப் படுக்கையா, இடுப்பு உசரத்துல பிடிங்க. "உண்மை வடக்கு" ஆப்ஷன் இருந்தா அணைச்சிடுங்க, இங்க கணக்கு காந்த வடக்குக்குத்தான். காந்த மூடி வச்ச கவரையும் கழட்டிடுங்க. வாசப்படியில ஒண்ணு, 1 மீட்டர் தள்ளி ஒண்ணு, 3 மீட்டர் தள்ளி ஒண்ணுன்னு மூணு தடவை அளங்க. இரும்பு கேட், கிரில், கான்கிரீட்டுக்குள்ள இருக்கற கம்பி, நிறுத்தி வச்ச கார் எல்லாம் ஊசியை இழுக்கும். படியில எடுத்த அளவு மத்த ரெண்டோட ஒட்டலைன்னா அதை விட்டுடுங்க.

சும்மா "தெற்கு"ன்னு சொன்னா ஏன் போதாது? வாசல் திசையை வச்சு வீட்டுக்கு ஜாதகம் மாதிரி ஒரு நட்சத்திரக் கட்டம் போடுவாங்க. அதுல பிங்குக்கு ஒரு கட்டம், வூவுக்கும் டிங்குக்கும் வேற கட்டம். எல்லைக்குப் பக்கத்துல 5 டிகிரி தப்பினா மொத்தக் கணக்கும் மாறிடலாம்.

அஞ்சு மூலகத்தைச் சட்டுன்னு சொல்லிடறேன்: மரம், நெருப்பு, மண், உலோகம், தண்ணி. இது நம்ம பஞ்சபூதம் இல்லை, இதுல காத்தும் ஆகாயமும் கிடையாது. தண்ணி மரத்தை வளர்க்கும், மரம் நெருப்பை வளர்க்கும். அதனாலதான் அடுப்பும் சிங்க்கும் பக்கத்துல பக்கத்துல இருந்தா நடுவுல மரம் வைக்கச் சொல்றாங்க. கட்டில்? தலைக்குப் பின்னாடி முழுச் சுவர், படுத்தபடி கதவு தெரியணும், ஆனா கால் நேரா கதவைப் பார்க்கக் கூடாது.

சென்னையில இருக்கறவங்க சைபீரியக் காத்துக்குப் பயந்து வடக்கு ஜன்னலை அடைச்சுடாதீங்க. உங்க தெருவுல சாயந்தரக் காத்து எந்தப் பக்கமிருந்து வருது, மழைத் தண்ணி எங்க ஓடுதுன்னு முதல்ல கவனிங்க. அதுக்கப்புறம் உங்க வாசல் எத்தனை டிகிரின்னு கமென்ட்ல போடுங்க, எந்த மலைன்னு சொல்றேன். 157.5, 202.5 மாதிரி சரியா எல்லைக் கோட்டுல வந்தா, காரை நகர்த்திட்டு இன்னொரு தடவை அளந்துட்டு எழுதுங்க.