721 பாகங்களும் ஒரு பெயரும்

நேயர்களுக்கு வணக்கம்.

பாலிடெக்னிக் ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் அளவியல் ஆய்வகத்தைக் கவனித்துக்கொண்டவன் நான். முதல் நாள் வகுப்பில் மாணவர்களுக்கு ஒரு சின்ன வேலை கொடுப்பேன். அளவுகளைச் சரிபார்க்க உதவும் ஸ்லிப் கேஜ் எனப்படும் எஃகுக் கட்டைகள் இரண்டை எடுத்து, நன்றாகத் துடைத்து, ஒன்றின் மேல் மற்றொன்றைக் குறுக்காக வைத்து, மெல்ல அழுத்தித் திருப்பச் சொல்வேன். இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பசையும் இல்லை, காந்தமும் இல்லை. மேல் கட்டையைத் தூக்கினால் கீழ்க் கட்டையும் கூடவே வரும். பரப்பு அவ்வளவு சமமாகத் தேய்க்கப்பட்டிருக்கிறது. பையன்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அந்த நேரம் பார்த்து நான் கேடிலாக் என்ற அமெரிக்கக் காரின் கதையைத் தொடங்கிவிடுவேன்.

இந்தக் கட்டைகளை உருவாக்கியவர் சுவீடன் நாட்டு யோஹான்சன். அமெரிக்கக் கார்த் தொழிலில் அவற்றின் அருமையை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் ஹென்றி லேலண்டு. கேடிலாக் நிறுவனத்தை உருவாக்கியவர் அவர்தான். இன்று கேடிலாக் என்றதும் நீண்ட உடலும் துடுப்பு வாலும் வெள்ளித்தகடு போல மின்னும் குரோமியப் பூச்சும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது, மயிரிழை வேறுபாட்டையும் அளக்கும் மைக்ரோமீட்டர் பிடித்த ஒரு முதியவரின் கை.

லேலண்டு துப்பாக்கித் தொழிற்சாலைகளில் வேலை பழகியவர். பிறகு பிரவுன் அண்டு ஷார்ப் என்ற நுண்கருவி நிறுவனத்தில் தேர்ந்தவர். துப்பாக்கியில் ஒரு பாகம் உடைந்தால் போர்முனையில் அரம் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்க முடியாது. இன்னொரு பாகம் அப்படியே பொருந்த வேண்டும். அந்தப் பாடத்தை அவர் டெட்ராய்ட் நகருக்குக் கொண்டுவந்தார்.

1902-இல் ஹென்றி ஃபோர்டு தம் பெயரில் நடந்த ஒரு நிறுவனத்தை விட்டு வெளியேறினார். முதலீட்டாளர்கள் கடையை மூடிவிடலாம் என்று முடிவு செய்து, இயந்திரங்களுக்கு விலை மதிப்பிட லேலண்டை அழைத்தார்கள். அவர் மதிப்பிட்டும் கொடுத்தார். கூடவே, தாம் வடிவமைத்த ஒற்றை சிலிண்டர் எஞ்சினைக் காட்டி, மூட வேண்டாம், இதை வைத்துக் கார் செய்யுங்கள் என்றார். அந்த ஆகஸ்டில் கேடிலாக் பிறந்தது.

பெயர் வந்த வழி சுவையானது. 1701-இல் டெட்ராய்டை நிறுவிய பிரெஞ்சுக்காரர் அந்துவான் த லா மோத் கேடிலாக். ஆனால் அவர் பிறந்தபோது வைத்த பெயர் அந்துவான் லோமே. கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்துக்கு வந்த இடத்தில் தமக்கு ஒரு பிரபுப் பட்டத்தைத் தாமே சூட்டிக்கொண்டார். குலச் சின்னம் ஒன்றையும் ஏற்படுத்திக்கொண்டார். அந்தச் சின்னம்தான் காரின் முகப்பில் ஏறியது. ஆக, பெயரிலிருந்த பிரபுத்துவம் இரவல். அதைத் தொழிலால் உண்மையாக்கிக் காட்டியவர்கள் லேலண்டின் பட்டறைக்காரர்கள்.

எப்படிக் காட்டினார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசைப்படுகிறேன். 1908-ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடம். அமெரிக்கக் கார் என்றால் மலிவுச் சரக்கு என்று ஐரோப்பா நினைத்த காலம். லண்டன் கிடங்கில் இருந்தவற்றுள் மூன்று கேடிலாக் கார்களைத் தேர்ந்தெடுத்து, ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில் அங்கே ஓட்டிச் சென்றார்கள். மூன்றையும் அக்கக்காகக் கழற்றினார்கள். ஒரு காருக்கு 721 பாகங்கள். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கலந்தார்கள். அத்தோடு விடவில்லை, குவியலிலிருந்து 89 பாகங்களை எடுத்துவிட்டு, விற்பனையாளரிடமிருந்த உதிரிப் பாகங்களை அந்த இடத்தில் போட்டார்கள். பிறகு மெக்கானிக்குகள் வந்தார்கள். அவர்கள் கையில் ஸ்பேனரும் ஸ்குரூ டிரைவரும் மட்டுமே. அரம் கூடாது, தேய்க்கக் கூடாது, தட்டிக் கொட்டிப் பொருத்தக் கூடாது.

மூன்று கார்களும் எழுந்து நின்றன. ஒவ்வொன்றும் தடத்தில் 500 மைல் ஓடியது.

அந்தக் காலத்து நல்ல கார்கள் எல்லாம் ஒரு கைவினைஞர் உட்கார்ந்து, இந்தப் பிஸ்டனை இந்த சிலிண்டருக்கென்று இழைத்து இழைத்துச் சேர்த்தவை. ஒரு காரின் பாகம் பக்கத்துக் காருக்கு ஆகாது. அதையே உயர்வு என்று எண்ணிய உலகத்துக்கு, ஒன்றைப் போலவே மற்றொன்றும் இருப்பதுதான் அதைவிட அரிய உயர்வு என்று லேலண்டு மெய்ப்பித்தார். அதற்காக ராயல் ஆட்டோமொபைல் கிளப் வழங்கும் டூவார் கோப்பை கிடைத்தது. ‘உலகின் தரஅளவு’ என்ற விளம்பர வாசகத்தையும் அந்த நாள்களில்தான் கேடிலாக் சூடிக்கொண்டது. எத்தனையோ விளம்பர வாசகங்களைப் படித்திருக்கிறேன். சோதனைச் சாலையிலிருந்து நேராக வந்தது என்று நான் மதிப்பது இது ஒன்றைத்தான்.

ஆல்ஃபிரட் ஸ்லோன் என்றொருவர். பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவராகி அதை உலகின் மிகப் பெரிய கார் நிறுவனமாக வளர்த்தவர். இளமையில் அவர் பேரிங் விற்கும் வியாபாரி. ஒருமுறை அவர் அனுப்பிய பேரிங்குகளை லேலண்டு மேசையில் பரப்பி, மைக்ரோமீட்டரால் அவர் கண்ணெதிரிலேயே ஒவ்வொன்றாக அளந்து காட்டினாராம். ஆயிரக்கணக்கில் செய்தாலும் முதலாவதும் கடைசியும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்றாராம். துல்லியம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் புரிந்தது என ஸ்லோனே எழுதியிருக்கிறார். ஓர் ஆசிரியனாக நான் பொறாமைப்படும் வகுப்பு அது.

1909-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கேடிலாக்கை வாங்கியது. லேலண்டு நிர்வாகத்தில் தொடர்ந்தார். 1912-ஆம் ஆண்டுக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதற்கு முன்பு காரின் முன்னால் குனிந்து நின்று கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். ஸ்டார்ட்டரை உருவாக்கிய சார்லஸ் கெட்டரிங் அதற்கு முன் கடைகளின் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தியவர். கல்லாப்பெட்டி மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை. ஒரு கணம் வலுவாக இழுத்தால் போதும். காரைக் கிளப்பவும் அந்த ஒரு கணம்தானே வேண்டும் என்று அவருக்குப் பொறி தட்டியது. பெண்கள் பலர் தாமே காரைக் கிளப்பிக்கொண்டு தனியாகப் போவது இதன் பிறகு எளிதானது என்று தயங்காமல் சொல்லலாம். டூவார் கோப்பை இரண்டாம் முறையும் வந்தது.

முதல் உலகப் போரின்போது விமான எஞ்சின் தயாரிப்பது பற்றிய கருத்து வேறுபாட்டில் லேலண்டு விலகினார். எழுபதைக் கடந்த வயதில் புதிதாக ஒரு நிறுவனம் தொடங்கினார். தாம் முதன்முதலாக வாக்களித்த குடியரசுத் தலைவரின் பெயரை அதற்கு வைத்தார்: லிங்கன். 1922-இல் அது நொடித்தபோது வாங்கியவர் ஹென்றி ஃபோர்டு! அமெரிக்காவின் இரு பெரும் சொகுசுக் கார்களுக்கும் தந்தை ஒருவரே. இதை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அடுத்து வருவதுதான் என் மனத்தை மிகவும் தொட்ட பகுதி. பங்குச் சந்தை வீழ்ந்த சில மாதங்களிலேயே, 1930 தொடக்கத்தில், பதினாறு சிலிண்டர் கார் ஒன்றை கேடிலாக் வெளியிட்டது. வாங்குவார் குறைவு. பொருளாதார மந்தம் முற்ற முற்ற, கேடிலாக்கையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. அப்போது சேவைப் பிரிவின் பொறுப்பில் இருந்தவர் நிக்கலஸ் டிரேஸ்டாட், ஜெர்மனியில் பிறந்த மெக்கானிக். பணிமனைகளுக்குப் போகும்போதெல்லாம் அவர் ஒன்றைக் கவனித்தார். பழுது பார்க்க வரும் கார்களின் உரிமையாளர்களில் கறுப்பின மக்கள் நிறைய இருந்தார்கள். குத்துச்சண்டை வீரர்கள், பாடகர்கள், மருத்துவர்கள். ஆனால் கறுப்பினத்தவருக்குக் கார் விற்பதில்லை என்பதே நிறுவனத்தின் கொள்கை. அப்படியென்றால் கார் எப்படிக் கிடைத்தது? ஒரு வெள்ளைக்காரருக்குப் பணம் கொடுத்து, அவர் பெயரில் வாங்கியிருந்தார்கள்.

நல்ல குடியிருப்பில் வீடு வாங்க விடமாட்டார்கள். நல்ல ஹோட்டலில் தங்க விடமாட்டார்கள். ரயிலிலும் பஸ்ஸிலும் ஒதுக்கிய இருக்கையில்தான் உட்கார வேண்டும். உழைத்துச் சம்பாதித்த ஒருவர் தம் மதிப்பை ஊரறியக் காட்ட எஞ்சியிருந்த சில வழிகளுள் ஒன்று நல்ல கார். டிரேஸ்டாட் மேலிடத்துக் கூட்டத்தில் நுழைந்து, இவர்களுக்கு நேரடியாக விற்போம் என்று வாதாடினார். அதுவே கேடிலாக்கைக் காப்பாற்றியது என்று மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் பதிவு செய்திருக்கிறார். 1934-இல் டிரேஸ்டாட் கேடிலாக் பிரிவின் தலைவரானார். 1949 செப்டம்பரில் கறுப்பின மக்களின் ‘எபோனி’ இதழ் இதைப் பற்றித் தலையங்கமே எழுதியது. தான் எந்த வெள்ளையருக்கும் குறைந்தவன் அல்லன் என்று சொல்லும் திடமான அடையாளம் இந்தக் கார் என்பது அதன் கருத்து. படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. விற்க மறுத்தவர்களின் பெயரை, மறுக்கப்பட்டவர்கள் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ராக் அண்டு ரோல் இசையின் முன்னோடி சக் பெர்ரியின் சிவப்பு நிற 1973 எல்டொராடோ கார், வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. அது அங்கே நிற்பதுதான் நியாயம்.

துடுப்பு வால் கதை பலருக்கும் தெரிந்தது. லாக்ஹீட் பி-38 என்ற போர் விமானத்தின் இரட்டை வாலைப் பார்த்து, ஹார்லி எர்ல் தலைமையிலான வடிவமைப்பாளர்கள் 1948 காரில் ஒரு சிறு மேடு வைத்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு அது வளர்ந்து, 1959-இல் ராக்கெட் போன்ற சிவப்பு விளக்குகளோடு உச்சம் தொட்டது. எல்விஸ் பிரெஸ்லி தம் தாய்க்கு இளஞ்சிவப்பு கேடிலாக் ஒன்றைக் கொடுத்தார். அந்தத் தாய்க்குக் கார் ஓட்டத் தெரியாது. எந்தப் பொருளையும் உயர்த்திப் பேச, ‘இது இந்த வகையின் கேடிலாக்’ என்று சொல்வது அமெரிக்கர்களின் வழக்கமாகவே ஆகிவிட்டது.

பெயர் இவ்வளவு பெரிதானபோதுதான் ஆபத்தும் வந்தது. பெயரை மட்டும் ஒட்டினாலே விற்கும் என்ற எண்ணம் அலுவலகத்தில் குடியேறிவிட்டது. 1978-இல் சுமார் மூன்றரை லட்சம் கார்கள் விற்றன. அடுத்த பத்தாண்டில் நடந்ததைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது. எட்டு சிலிண்டரில் தேவைக்கேற்ப ஆறோ நான்கோ மட்டும் இயங்கும் எஞ்சின் 1981-இல் வந்தது. எண்ணம் அருமையானது, இன்றைய கார்களில் அது சாதாரணம். ஆனால் அன்றைய மின்னணுக் கருவிகளுக்கு அந்த வேகம் இல்லை. எஞ்சின் உதறியது, பல உரிமையாளர்கள் அந்த அமைப்பின் கம்பியையே துண்டித்துவிட்டார்கள். இந்தத் தோல்வியை நான் மன்னிப்பேன். முயன்று தோற்றது அது.

மன்னிக்க முடியாதது சிமரான். 1982-ஆம் ஆண்டு மாடல். அதே ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிரிவான ஷெவர்லேயின் கவலியர் என்ற எளிய சிறு காரை எடுத்து, தோல் இருக்கை போட்டு, முகப்பை மாற்றி, சுமார் 12,000 டாலருக்குக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். கதவைத் தட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும், உள்ளே இருப்பது கவலியர் என்று. தொடக்கத்தில் ‘கேடிலாக் சிமரான்’ என்று அழைக்கக்கூடத் தயங்கி, ‘சிமரான், கேடிலாக்கின் தயாரிப்பு’ என்றார்கள். பாகங்கள் ஒன்றுபோல இருப்பதற்காகப் பரிசு வாங்கிய நிறுவனம், இரண்டு வெவ்வேறு விலைக் கார்களை ஒன்றுபோலச் செய்து தலைகுனிந்தது. 1989-இல் ஜப்பானிலிருந்து லெக்சஸ் வந்து இறங்கியபோது, சந்தில்லாமல் பொருந்திய உடல், ஓசையில்லாத எஞ்சின் என்று மக்கள் வியந்தார்கள். லேலண்டின் பாடத்தை அங்கே யாரோ ஒழுங்காகப் படித்திருந்தார்கள்.

1998-இல் நடந்தது இன்னும் கொடுமை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அமெரிக்கச் சொகுசுக் கார் விற்பனையில் முன்னணியில் இருந்த கேடிலாக்கை லிங்கன் முந்தியது. ஆம், லேலண்டின் அந்த இன்னொரு பிள்ளைதான். முதலில் வெளியான கணக்கு, கேடிலாக்கே 222 கார்கள் முன்னிலை என்றது. சில மாதங்களில், டிசம்பர் மாத எண்ணிக்கை நான்காயிரத்துக்கும் மேல் கூட்டிக் காட்டப்பட்டிருந்தது என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினால் பாகத்தைத் திருப்பி அனுப்பியவரின் நிறுவனத்தில் எண்ணிக்கையில் பொய்! வாழ்நாளெல்லாம் அளவெடுக்கச் சொல்லிக் கொடுத்தவனுக்கு இது ஆறாத புண்.

பிறகு மீட்சியும் வந்தது. லிங்கன் நேவிகேட்டர் என்ற பெரிய காருக்குப் பதிலடியாக அவசர அவசரமாக எஸ்கலேட் கொண்டுவரப்பட்டது. அதைப் பிரபலமாக்கியவர்கள் கூடைப்பந்து வீரர்களும் ஹிப் ஹாப் கலைஞர்களும். மீண்டும் பெரும்பாலும் கறுப்பின இளைஞர்கள். 2002-இல் சிடிஎஸ் என்ற கூர்முகக் கார், ஓட்டுபவர்களின் மதிப்பைப் பெற்றது. 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானபோது அதன் மற்றொரு கார்ப் பிரிவான போண்டியாக் மூடப்பட்டது, கேடிலாக் பிழைத்தது. 2017-இல் சீனாவில் அமெரிக்காவைவிட அதிகமாக விற்றது. இப்போது லிரிக் என்ற மின்சாரக் கார் டென்னசி மாநிலத்தில் தயாராகிறது.

கடைசியாக செலஸ்டிக் பற்றி ஒரு வார்த்தை. மூன்று லட்சம் டாலருக்கும் மேல் விலையுள்ள மின்சாரக் கார். மிச்சிகனில் கையால் கட்டுகிறார்கள். வாங்குபவர் விருப்பப்படி ஒவ்வொன்றும் தனித்தனி; ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது என்பதையே பெருமையாகச் சொல்கிறார்கள். மூன்று கார்களைக் கலைத்துப் போட்டுப் புகழ் பெற்ற பெயர் 115 ஆண்டுகளில் நேர் எதிர்த் திசைக்கு வந்திருக்கிறது. அதன் ஸ்டியரிங் வளையத்தில் முப்பரிமாண அச்சில் உருவான உலோகப் பாகம் இருக்கிறதாம். லேலண்டு இன்று அந்தப் பட்டறைக்குள் நுழைந்தால், காரைச் சுற்றிப் பார்க்க மாட்டார். அந்தப் பாகத்தைக் கழற்றித் தரச் சொல்லி, சட்டைப் பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுப்பார்.

வணக்கம்.