எக்செலோடு நேரடியாகக் கதையுங்கள்

வணக்கம் உறவுகளே. வெள்ளவத்தையில் நல்ல மழை, சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு ஆட்டோஹாட்கீ. நாம் கையால் செய்யும் வேலையைக் கணினியே செய்ய எழுதிக் கொடுக்கும், விண்டோஸில் ஓடும் இலவச ஸ்கிரிப்ட் மொழி, 2003இலிருந்து இருக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் 2022 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பையே இறக்குங்கள். பழைய பதிப்புக்கு எழுதிய ஸ்கிரிப்ட்டுகள் பெரும்பாலும் அதில் அப்படியே ஓடாது.

நான் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். பின்னேரம் அன்றைய பில் விவரத்தை ஒரு ஷீட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும். முதலில் எழுதிய ஸ்கிரிப்ட் என் விரல் செய்ததையே செய்தது: கன்ட்ரோல் சி, அடுத்த ஷீட், கன்ட்ரோல் வி. இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் நடுவில் வேறொரு விண்டோ முன்னுக்கு வந்துவிட்டது. ஸ்கிரிப்ட்டுக்கு அது எப்படித் தெரியும்? அது பாட்டுக்குக் கீயை அழுத்திக்கொண்டே போனது. எந்த பில் ஏறியது, எது ஏறவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க இரவு ஒன்பது மணி.

அதனால்தான் சொல்கிறேன், எக்செல் வேலைக்குக் கீ அழுத்த வைக்காதீர்கள். காம் வழியாக, அதாவது ஒரு ப்ரோகிராம் இன்னொன்றுக்குக் கட்டளை கொடுக்க விண்டோஸில் இருக்கும் வழியால், எக்செலோடு நேரடியாகக் கதையுங்கள். திரையில் இந்த வரியைப் பாருங்கள்: காம்ஆப்ஜ்ஆக்டிவ், அடைப்புக்குள் எக்செல் டாட் அப்ளிகேஷன். அவ்வளவுதான், திறந்திருக்கும் எக்செல் கைக்கு வந்துவிட்டது. இனி ரேஞ்ச் பி2 என்றால் எக்செலில் திறந்து நிற்கும் ஷீட்டின் அந்தக் கலம்தான், முன்னால் வேறு எந்த ப்ரோகிராமின் விண்டோ நின்றாலும் சரி. ஒன்று மட்டும் கவனம்: ஏதாவது கலத்துக்குள் டைப் செய்தபடி விட்டிருந்தால் எக்செல் பதில் சொல்லாது, பிழைச் செய்திதான் வரும். எஸ்கேப் அழுத்திவிட்டு ஓட்டுங்கள்.

விவரம் இருக்கும் கடைசி நிரையைப் பிடிக்க, ஷீட்டின் அடியிலிருந்து, அதாவது 1,048,576ஆவது நிரையிலிருந்து, மேலே ஏற வேண்டும். எக்செலுக்குள் அதற்கு எக்ஸ்எல்அப் என்று பெயர். ஆட்டோஹாட்கீக்கு அந்தப் பெயர் தெரியாது, அதனால் மைனஸ் 4162 என்ற எண்ணைக் கொடுக்கிறோம்.

அப்புறம் போன் நம்பர். 077 என்று எழுதப்போனால் எக்செல் அதை எண்ணாக எடுத்து முன்னால் இருக்கும் பூச்சியத்தை விழுங்கிவிடும். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க யாருக்கு எடுப்பது? எழுதுவதற்கு முன்பே அந்த நிரலின் நம்பர்ஃபார்மேட்டை அட் குறியாக மாற்றுங்கள், டெக்ஸ்டாக நிற்கும்.

சரி, பைலை ஒரு நகல் எடுத்துவிட்டேன். ஓட்டுகிறேன். டி நிரலைப் பாருங்கள், எல்லா நம்பரும் பூச்சியத்தோடு வந்திருக்கிறது.