பம்பர் மூலையில் ஒரு கீறல்

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டு கேட்டில் உரசி, காரின் பின்பக்க பம்பர் மூலையில் பெயிண்ட் பெயர்ந்துவிட்டது. டிங்கரிங் பட்டறைக்குப் போகாமல், ஸ்பிரே கேன் வாங்கி நானே அடித்தேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. மறுநாள் பார்த்தால், மெழுகுவர்த்தி உருகியது மாதிரி பெயிண்ட் வழிந்து உறைந்திருந்தது. அத்தனையையும் தேய்த்து எடுத்து மறுபடி தொடங்கினேன்.

இந்த வேலையில் பெயிண்ட் அடிக்கிற நேரம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் தேய்ப்பு. பெயர்ந்த இடத்தின் ஓரத்தை 320 நம்பர் உப்புத்தாளால் சரிவாகத் தேய்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். விரலில் விளிம்பு தட்டினால், பளபளப்பு ஏறிய பிறகு அது கண்ணிலும் படும். பள்ளம் இருந்தால் பட்டி பார்த்து, திரும்பத் தேய்த்து, அப்புறம் பிரைமர் என்கிற அடிப்பூச்சு. பிளாஸ்டிக் வெளியே தெரிகிற இடத்தில் அதற்கென்று உள்ள பிரைமர்தான் பிடிக்கும். இல்லாவிட்டால் பெயிண்ட் தோலாக உரிந்து வரும். பிரைமர் காய்ந்ததும் 600 அல்லது 800 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கலாம்.

சரி, இனி கேனை எடுக்கலாம். ஒரு சாண் தூரம் போதும். பம்பருக்கு வெளியிலேயே அழுத்தத் தொடங்கி, அதைக் கடந்த பிறகு விரலை எடுங்கள். நடுவில் கை நின்றால் அங்கேதான் வழியும். ஒவ்வொரு வீச்சும் முந்தியதில் பாதியை மூட வேண்டும். முதல் பூச்சில் பிரைமர் தெரியத்தான் செய்யும். அதை மறைக்க அவசரப்பட்டதுதான் நான் செய்த தப்பு. ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவில் பத்து, பதினைந்து நிமிடம் விடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம். பெயிண்டில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும். நிறம் பால் தெளித்ததுபோல் வெளுத்துவிடும்.

திறந்த இடத்தில், அடுப்போ நெருப்போ இல்லாத பக்கம் அடியுங்கள். துணி மாஸ்க் இந்த ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். கெட்டிப்படுத்துகிற ஹார்டனர் கலந்து, நிறத்துக்கு மேல் அடிக்கிற நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும், ஆஸ்துமாவையே கொண்டுவரும். அதை மட்டும் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

என் கார் சில்வர். மெட்டாலிக் பெயிண்டை ஈரமாக அடித்தால் நிறம் சற்று இருண்டும், உலர்வாக அடித்தால் வெளுத்தும் நிற்கும். நிற எண் பார்த்துத்தான் வாங்கினேன், ஆனாலும் வெயிலில் அந்த மூலை ஒரு சாயல் கறுப்பு. வீட்டில் யாரும் இன்னும் கவனிக்கவில்லை.