அவளுக்கு ஊபே, எனக்கு இராசவள்ளி

வணக்கம் நேயர்களே. எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அதனால் போன செவ்வாய்க்கிழமையைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். அன்று எனக்கு லீவு.

நான் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறேன். இதே வேலை செய்பவர்கள் பலர் இப்போது கேட்டுக்கொண்டிருப்பீர்கள், உங்களுக்கு விளங்கும். ஆட்களைத் தூக்கி இருத்தி, குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, இப்படி ஆறு நாள் தொடர்ந்து ஓடிய பிறகு ஏழாம் நாள் காலையில் நாரி எழும்ப விடாது. முந்தியெல்லாம் லீவு நாளிலும் உடுப்புத் தோய்ப்பது, கிழமை முழுவதற்கும் கறி சமைத்து வைப்பது, வங்கிக்குப் போவது என்று ஓடுவேன், பின்னேரம் பார்த்தால் வேலைக்குப் போன நாளைவிடக் களைப்பாக இருக்கும். அன்று அதெல்லாம் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். பத்து மணி வரை படுத்திருந்துவிட்டு, ஒரு பிளேன்டீயோடு ஜன்னலடியில் இருந்து பனி கொட்டுவதைப் பார்த்தேன்.

பதினொரு மணிபோல என்னோடு வேலை செய்கிற சிநேகிதி போன் எடுத்தாள். பிலிப்பைன்ஸில் பட்டாங்காஸ் அவளுடைய ஊர். "எனக்கும் லீவுதான், சும்மா கடைக்குள் சுற்றிவிட்டு வருவோமா" என்றாள். சரி என்றேன்.

போனது டொரொண்டோவில் ஸ்டீல்ஸ் வீதியில் மிடில்ஃபீல்ட் சந்திக்குக் கிட்ட இருக்கிற டி அண்ட் டி என்ற ஆசியச் சாப்பாட்டுச் சாமான் கடை. உங்களில் கனபேருக்குத் தெரிந்த கடை. சிண்டி லீ என்ற தாய்வான் பெண் 1993இல் வான்கூவருக்குப் பக்கத்தில் பர்னபியில் தொடங்கியது, டீனா, டிஃபனி என்ற தன் இரண்டு மகள்மாரின் பெயர்களை வைத்து. 2009இல் லோப்லா என்ற பெரிய கனடிய மளிகை நிறுவனம் வாங்கிவிட்டது, ஆனாலும் பிறகு பொறுப்புக்கு வந்தது அந்த மூத்த மகள் டீனாதான். எனக்குப் பிடித்த விசயம் இது.

நானும் அங்கே எத்தனையோ தரம் போயிருக்கிறேன், ஆனால் நேரே மீன் பக்கம் போய், நண்டோ இறாலோ வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். மற்ற வரிசைகளுக்குள் கால் வைத்ததே இல்லை. அன்று கையில் பட்டியலும் இல்லை, அவசரமும் இல்லை, கூட ஒரு ஆள் இருந்தாள், அதனால் ஒவ்வொரு சாமானுக்கு முன்னாலும் நின்றோம்.

மரக்கறிப் பக்கத்தில் பாவற்காய் இரண்டு விதமாகக் கிடந்தது. ஒன்று எங்களுடையது, கரும்பச்சை, முள்ளு முள்ளாக இருக்கும். மற்றது சீனப் பாவற்காய், வெளிர்பச்சை, மெழுகு உருகி வழிந்தது போல வழுவழுப்பு. அவள் இரண்டையும் 'அம்பாலாயா' என்றாள், உப்புப் போட்டுப் பிசைந்து கைப்பைப் பிழிந்து முட்டையோடு வதக்குவார்களாம். உப்புப் போட்டுப் பிழிவது எங்கள் வீட்டிலும் உண்டு. அப்புறம் ரம்பை இலை. அவளுக்கு அது பாண்டான், நாங்கள் கறியில் போடுவோம், அவர்கள் சோறு வேகும்போது முடிந்து போடுவார்கள். முருங்கையிலையைக் காட்டி இதற்கு உங்கள் பெயர் என்ன என்று கேட்டேன். 'மலுங்கை' என்றாள். நான் 'முருங்கை' என்றேன். இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம். இஞ்சி, பப்பாளிக்காய், கோழி போட்டு அந்த இலையோடு வைக்கிற 'தினோலா' என்ற ரசத்தைப் பற்றி அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு அங்கேயே பசித்தது.

உறைபெட்டிப் பக்கம் போனபோதுதான் ஊதா நிறத்தில் அந்தப் பாக்கெட்டைக் கண்டேன். துருவிய கிழங்கு. மேலே 'ஊபே' என்று எழுதியிருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன், இராசவள்ளிக்கிழங்கு!

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டு வேலிக் கதியாலில் அந்தக் கொடி படர்ந்திருக்கும், கிழங்கு கிண்டும் நாளில் அம்மா தோல் சீவி வெட்டி அவிய விட்டு, நன்றாக மசித்து, தேங்காய்ப்பாலும் சீனியும் துளி உப்பும் போட்டு இறக்குவா. நாங்கள் சட்டியைச் சுற்றி நிற்போம். ஐஸ்கிரீமிலும் கேக்கிலும் இந்த நாட்டில் இப்போது எல்லோரும் சாப்பிடுகிற அந்த ஊபே எங்கள் வேலிக் கிழங்குதான் என்பது எனக்கு இத்தனை வருசமாகத் தெரியாது. உறையவைத்த இராசவள்ளி எங்கள் தமிழ்க் கடைகளிலும் கிடைக்கிறதுதான், ஆனால் இன்னொரு ஊர்ப் பெயரோடு அதைக் கண்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நின்றாள். பிறகு இரண்டு பாக்கெட் எடுத்துக் கூடையில் போட்டாள்.

என் வீட்டு அடுப்பில் இரண்டு சட்டி வைத்தோம். என்னுடையது அரைமணிக்குள் முடிந்துவிட்டது. அவளுடைய 'ஹலாயா' டின்பாலும் பட்டரும் போட்டு, களி போல இறுகும்வரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டியது. கை மாற்றி மாற்றிக் கிண்டினோம். நாரி நோவு என்ற நினைவே எனக்கு வரவில்லை.

இங்கே ஏழு மணி, ஊரில் விடிகிற நேரம். அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்துச் சட்டியைக் காட்டினேன். "தண்ணியாக் கிடக்கு, இன்னும் கொஞ்சம் வத்த விட்டிருக்கலாம்" என்றா. பிறகு, "அந்தப் பிள்ளை சாப்பிட்டிட்டாளோ?" என்று கேட்டா. அவள் கரண்டியைத் தூக்கிக் காட்டினாள்.

எங்கள் இருவருக்கும் ஒன்றாக லீவு வருவது இனி 18ஆம் திகதி. கிறிஸ்மஸ் காலத்தில் ஊதா அரிசி மாவை மூங்கில் குழலில் அவித்துத் தேங்காய்ப்பூப் போட்டுச் சாப்பிடுவார்களாம், பெயர் 'புத்தோ பும்போங்'. குழல் அவளிடம் இருக்கிறது. அரிசி மாவும் தேங்காயும் நான் கொண்டு போகிறேன்.