உலைமூடியும் ஊர்வாயும்

தலைமை தாங்கும் மாதர் அபிவிருத்திச் சங்கத் தலைவி அவர்களே, முல்லைத்தீவிலிருந்து வெயிலோடு வெயிலாக வந்திருக்கும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் அவர்களே, குருக்கள் ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கதிரை தந்துதவிய கிராம அலுவலர் அவர்களே, பின்வரிசையில் கைபேசி நோண்டும் தம்பிமாரே, வணக்கம். பொன்னாடை போர்த்திய அதிபருக்கு நன்றி. இந்த வெக்கைக்கு ஒரு செம்பு மோர் தந்திருந்தால் இன்னும் வாழ்த்தியிருப்பேன்.

ஆபாசப் படமும் பாலியல் சுரண்டலும் என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். சட்டம், கைபேசி, கடன் என்று மூன்று விடயம் சொல்வேன்.

ஆபாச வெளியீடுகள் பற்றிய கட்டளைச் சட்டம் 1927 இல் வந்தது. படம் கடதாசியில் வந்த காலம். 1995 இல் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம், பிள்ளைகளின் ஆபாசப் படத்தை எடுப்பதோடு வைத்திருப்பதையும் குற்றமாக்கியது. நீங்கள் 1927 ஐ மறந்தாலும் 1929 ஐ மறக்காதீர்கள். அது சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கம். பெண்களுக்கு 1938.

ஆனால் அந்த இலக்கங்களுக்கு யார் அழைப்பு எடுக்கிறார்கள்? 'ஊர்வாயை மூட உலைமூடி இல்லை' என்ற பயம்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை. 2009 இற்குப் பிறகு தனியே இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவள். கோழி வளர்க்கக் கிழமைக் கடன் எடுத்தாள். கோழிக்குச் சீக்கு வந்தது, தவணை நின்றது. காசு அறவிட வருபவன் முதலில் முற்றத்தில் இருந்தான், பிறகு திண்ணையில். ஒருநாள் இரவு பத்து மணிக்கு அவளது கைபேசிக்கு ஒரு வீடியோ அனுப்பினான். என்ன வீடியோ என்று இந்தச் சபையில் சொல்ல மாட்டேன். கீழே, 'இப்படியும் தவணை கட்டலாம்' என்று எழுதியிருந்தது.

அவள் அழவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சியிடம் காட்டினாள். ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டு முழுவதும் பார்த்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை வருவான்தானே?" என்றாள். செவ்வாய் வந்தது, அவனும் வந்தான். ஆச்சி பாயோடும் வெற்றிலைத் தட்டத்தோடும் போய்ப் பக்கத்தில் இருந்தாள். "தம்பி, கதையுங்கோ, நானும் கேக்கிறன்." பின்னால் ஒழுங்கை முழுவதும் ஆளுக்கொரு கதிரையோடு வந்தது. "அந்தப் படத்தை எங்களுக்கும் ஒருக்காப் போடன்!" என்றாள் ஒருத்தி. மோட்டார் சைக்கிள் பறந்தது. ஹெல்மெட் முற்றத்திலேயே கிடந்தது. வேலிக்கட்டையில் கொழுவினார்கள், மிஞ்சியிருந்த ஒரே கோழி அதற்குள் முட்டையிட்டது!

ஊர்வாயை மூட உலைமூடி இல்லைத்தான். அந்த வாய் அன்று அவனைப் பற்றிக் கதைத்தது, அவ்வளவுதான்.

இது ஒரு ஒழுங்கையின் கதை மட்டுமல்ல. 2018 இல் ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் பொஹோஸ்லாவ்ஸ்கி இலங்கைக்கு வந்துபோனபோது, நுண்கடன் அறவிடுவோர் பெண்களிடம் பாலியல் இணக்கம் கேட்பதைப் பகிரங்கமாகவே சொன்னார். அரச கையெழுத்துக்கு உடம்பைக் கேட்பதும் இலஞ்சம் என்கிறது 2023 ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம். அதை முறையிட இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954. மேடையில் உள்ளவர்களைச் சொல்லவில்லை, அவர்கள் தங்கமானவர்கள்.

இருபது வருடமாக நான் சொல்வதைத்தான் இன்றும் சொல்கிறேன்: சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் சேருங்கள். அங்கே கடன் தருபவளும் உங்கள் ஒழுங்கைக்காரி, அறவிடுபவளும் உங்கள் ஒழுங்கைக்காரி. இரவு பத்து மணிக்கு அவள் வீடியோ அனுப்பினால் அது பேரப்பிள்ளையின் பிறந்தநாள் வீடியோவாகத்தான் இருக்கும்.

கைபேசி பற்றிச் சொல்ல நேரமில்லை. தலைவி மணியைப் பார்க்கிறார். விண்ணப்பப் படிவம் மாமரத்தடியில் பொருளாளரிடம் இருக்கிறது. பேனை கொண்டுவராதவர்களுக்கு என்னிடம் இரண்டு உண்டு.