வீடு வாங்கினால் வாசலோடு வாங்குங்கள்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணித் தோழர்களுக்கும், வேலை முடிந்து நெரிசலைத் தாண்டி பிரிக்பீல்ட்ஸ் வரை வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம். "குடும்பத்தோடு நிம்மதியாக வாழ வீடு வாங்க ஏற்றது கோலாலம்பூர் நகர மையத்து அடுக்குமாடியா, அமைதியான புறநகர்த் தாமானா?" இதுதான் தலைப்பு. நான் தாமான் பக்கம், அதாவது தரை வீடுகள் இருக்கும் குடியிருப்பின் பக்கம், பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னார். தாமானில் இருப்பவர்கள் பாதி வாழ்நாளைச் சாலையில் தொலைக்கிறார்கள் என்பது ஒன்று. கொண்டோ அடுக்குமாடியில் காவலாளி, நீச்சல் குளம், உடற்பயிற்சி அறை எல்லாம் படியிறங்கினாலே கிடைக்கும் என்பது இன்னொன்று.

முதலில் சாலை. காலை ஆறரை மணிக்குச் செமினியிலிருந்து காடியை, அதாவது காரை, எடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2017 ஜூலையிலேயே காஜாங் வரை எம்ஆர்டி ரயில் முழுதாக ஓடத் தொடங்கிவிட்டது, 2023 மார்ச்சில் புத்ராஜெயா தடமும் முழுதாகத் திறந்துவிட்டது. செராஸ், காஜாங், செர்டாங், கெப்போங், சுங்கை பூலோ எல்லாம் இந்த இரண்டு தடங்களில் வந்துவிட்டன. மாதம் 50 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு பாஸ் இருந்தால் எம்ஆர்டி, எல்ஆர்டி, மோனோரயில், ரேபிட் கேஎல் பஸ் எதில் வேண்டுமானாலும் ஏறலாம். நிலையத்துக்குப் பக்கமாக ஒரு தாமானைத் தேடி வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன், காட்டுக்குள்ளே போய் வாங்குங்கள் என்று சொல்லவில்லை.

சரி, அடுத்தது நீச்சல் குளம். அந்தக் குளத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 35 சென் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 சதுர அடி வீட்டுக்கு மாதம் 350 வெள்ளி. அதன்மேல் பெரிய பழுதுகளுக்கென்று ஒதுக்கும் சிங்கிங் ஃபண்ட் 10 விழுக்காடு, 35 வெள்ளி. ஆக 385. வருடத்துக்கு 4,620 வெள்ளி. கட்டணம் ஒரு சென்கூட ஏறாது என்று வைத்தாலும் 30 வருடத்தில் 1,38,600 வெள்ளி! வீட்டுக் கடன் முடிந்தாலும் இது முடியாது, வேலையில் ஓய்வு பெற்றாலும் முடியாது. கட்டாமல் விட்டால் நுழைவு அட்டையையே முடக்க அடுக்குமாடிகளுக்கான 2015ஆம் ஆண்டு விதிகள் நிர்வாகத்துக்கு இடம் கொடுக்கின்றன. இதைவிட எனக்கு வருத்தமான விஷயம், ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் படும் பாடு. மாடியில் பாதிப் பேர் கட்டவில்லை என்றால் லிஃப்ட் பழுதாகி நிற்கும்போது, ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிய பாட்டியும் சேர்ந்துதான் படி ஏற வேண்டும்.

தாமானில் செலவே இல்லையா என்று கேட்பீர்கள். நிலவரி உண்டு, மதிப்பீட்டு வரி உண்டு, கூரை ஒழுகினால் நம் கைக்காசுதான். ஆனால் எந்த மாதம் கூரையைப் பார்ப்பது, வெளிச்சுவருக்குச் சாயம் இந்த வருடமா அடுத்த வருடமா என்பதை நம் வீட்டு வருமானம் முடிவு செய்கிறது, கூட்டத்தில் கைதூக்கும் யாரோ முடிவு செய்வதில்லை. பின்பக்கம் ஓர் அறை கூடுதலாகக் கட்ட வேண்டுமென்றால் நகராட்சி மன்றத்தில் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்கிக் கட்டலாம். பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் வீட்டைப் பெரிதாக்க முடியும். பதினெட்டாவது மாடியில் எங்கே பெரிதாக்குவது?

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன், நடுவர் ஐயா. நம் சமூகத்துக்கு நிலம் என்பது சும்மா ஒரு முதலீடு இல்லை. நம் தாத்தா பாட்டிகள் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டினார்கள், தோட்டம் கொடுத்த லயத்து வீட்டில் பிள்ளை பெற்றார்கள், ஆனால் அந்த வீடு ஒரு நாளும் அவர்களுடையதாக இருந்ததில்லை. வேலை இருக்கும்வரைதான் வீடு. தோட்டத்தை விற்றார்கள், வீடும் போனது. பெட்டாலிங் ஜெயா எங்கே எழுந்தது? 1950களில் எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்தில். சுபாங் ஜெயாவின் யூஎஸ்ஜே? சீஃபீல்ட் தோட்டத்தில். நாம் திருத்திய மண்ணில் தாமான்கள் எழுந்தன, நம்மில் பலர் புறம்போக்கில் பலகை வீடு கட்டினோம், அப்புறம் அங்கிருந்தும் கிளப்பி மலிவு விலை அடுக்குமாடிகளில் ஏற்றினார்கள். 2011இல் புக்கிட் ஜாலில் தோட்டத்து மக்கள் எதற்காகப் போராடினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அடுக்குமாடி வேண்டாம், நாங்கள் உழைத்த மண்ணில் தரை வீடு கட்டக் கொஞ்சம் நிலம் கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள். தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருந்தது. இன்றைக்குச் சம்பாதிக்கும் பிள்ளைகள், சேமநிதியிலிருந்து எடுத்தாவது 10 விழுக்காடு முன்பணம் கட்டித் தன் பெயரில் ஒரு கிராண்ட், அதாவது நில உரிமைப் பத்திரம், வாங்கும்போது, அந்தக் குடும்பத்தில் முதல் முறையாக மண் சொந்தமாகிறது. இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் ஏறுகிறது, மன்னிக்க வேண்டும், ஆனால் இறக்கிப் பேசவும் எனக்கு மனமில்லை.

மண் சொந்தமானால் வாசலும் சொந்தமாகிறது. பொங்கலன்று நாம் எங்கே பானை வைக்கிறோம்? வாசலில், வெயில் படும் இடத்தில். அடுக்குமாடி நடைபாதை பொது இடம், அங்கே பொருள்கூட வைக்க முடியாது, நெருப்பு எப்படி மூட்டுவது? பிள்ளைகள் கேஸ் அடுப்பில் பொங்குவதைப் பார்த்து வளர்கிறார்கள்.

சந்தோஷத்தை விடுங்கள், துக்கத்துக்கு வருவோம். என் பெரியப்பா காஜாங் பக்கம் ஒரு தாமானில் இறந்தார். ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு முன்னால் கூடாரம் வந்துவிட்டது. எதிர் வீட்டு மலாய்க்காரப் பாக்சிக் தன் காடியை எடுத்து இடம் விட்டார், பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி தண்ணீர்ப் பெட்டிகளை இறக்கிவைத்தார். ராத்திரி முழுக்கத் தேவாரம் பாடினோம், யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதே ஆண்டு நகரத்துக்குள் கொண்டோவில் இருந்த உறவுக்காரர் ஒருவர் தவறினார். உடலை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. லிஃப்டில் பெட்டியும் நுழையாது. மருத்துவமனையிலிருந்து வாடகைக் கூடத்துக்கு, அங்கிருந்து நேரே சுடுகாட்டுக்கு. முப்பது வருடம் கடன் கட்டிய வீட்டுக்கு அவரைக் கடைசியாக ஒரு முறை கொண்டுவர முடியவில்லை. அவர் மனைவி இன்றுவரை அதைச் சொல்லி அழுகிறார். அமைதியான தாமான் என்று நாங்கள் சொல்வது சத்தமே இல்லாத இடத்தை இல்லை, நாம் அழும்போது காடியை நகர்த்தி இடம் விடுகிற அக்கம்பக்கத்தைத்தான்.

எதிரணியில் அடுத்து வருபவர் வெள்ளத்தைப் பற்றிப் பேசப் போகிறார், குறிப்பெடுத்து வைத்திருப்பது தெரிகிறது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் நடந்ததை யாரும் மறக்க முடியாது. அதுவும் தாமான்தான், தரை வீடுகள்தான், ஜனங்கள் கூரை மேல் ஏறி நின்றார்கள். ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் வாங்குவதற்கு முன்னால் பெருமழை பெய்த மறுநாள் அந்தத் தாமானுக்குப் போய்ப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சுவரில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது, பெரிய வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது, இவற்றைப் பாருங்கள். முகவரிடம் கேட்காதீர்கள், அங்கே இருபது வருடமாக இருப்பவரிடம் கேளுங்கள். அப்படியே நிலம் நிரந்தர உரிமையா, 99 வருடக் குத்தகையா, குத்தகை என்றால் இன்னும் எத்தனை வருடம் மிச்சம் என்பதையும் பாருங்கள், ஏனென்றால் குத்தகை வீட்டைப் பெயர் மாற்ற மாநில அரசின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். முதல் வீடாக இருந்து விலை 5 லட்சம் வெள்ளிக்குள் என்றால், 2021இலிருந்து முத்திரை வரி விலக்கு கொடுத்து வருகிறார்கள், வழக்கறிஞரிடம் மறக்காமல் கேளுங்கள்.

எதிரணித் தோழரிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. வெள்ளத்துக்கு வருவதற்கு முன்னால் அவர் இதற்குப் பதில் சொல்லட்டும். அறுபது வயதுக்கு மேல், சம்பளம் நின்ற பிறகு, மாதாமாதம் அந்த 385 வெள்ளியை உங்கள் அம்மா எங்கிருந்து கட்டுவார்? நன்றி, வணக்கம்.